ஹில்லிங்டன் நாலாம் பிரிவு ஓட்டம்: சொந்த அணிக்காரனை நானே துரத்திப் பிடித்தேன்

வெள்ளைக்கோடு | ஞாயிறு, மாலை 5.20

காலையில் லண்டன் ஹில்லிங்டனில் நடந்த நாலாம் பிரிவு (ஆகப் புதியவர்களின் பிரிவு) சைக்கிள் ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் அணியில் நான், சோளகம், காவேரிக்கரை என்று மூன்று பேர் ஓடினோம். மூன்று பேரும் வேறு வேறு இடத்தில் இருந்தோம். முடிந்ததும் விழுந்த காவேரிக்கரையின் தோளைப் பார்க்கவே நேரம் போய்விட்டது, ஒருவரும் இருந்து கதைக்கவில்லை. எனக்கு ஒரு விஷயம் நெஞ்சுக்குள் கிடக்கிறது. அதை முழுதாகச் சொன்னால்தான் இன்றிரவு நித்திரை வரும்.

இன்னும் ஓடிப் பார்க்காதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஹேய்ஸில் மினெட் பூங்காவுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை அது. ஒரு சுற்று 1.5 கிலோமீற்றர். கார் இல்லை, சந்தி இல்லை, விளக்கு இல்லை. ஏற்றம் என்று சொன்னால் முடிவுக்கோட்டுக்கு ஏறுகிற அந்தச் சின்ன மேடு மட்டும்தான். இன்றைய ஓட்டம் 50 நிமிடமும் அதற்கு மேல் 5 சுற்றும். 50 நிமிடம் ஆனதும் பலகையில் 5 என்று காட்டுவார்கள், அதிலிருந்து குறைந்துகொண்டு வரும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். எங்களுக்கு ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 20 செக்கன் அளவில் பிடித்தது.

காலை 9 மணிக்கு 6 பாகை குளிர், தென்மேற்கிலிருந்து நல்ல காற்று. முதல் பத்து நிமிடமும் நான் கூட்டத்தின் வால்பகுதியில் கிடந்து செத்தேன். முன்னுக்குப் போகிறவர்கள் வளைவில் கொஞ்சம்தான் வேகம் குறைப்பார்கள். அந்தக் குறைவு ஒவ்வொரு ஆளாகப் பின்னுக்கு வரவர ஐம்பதாவது ஆளுக்கு அது முழுப் பிரேக்காக வந்து சேர்கிறது. அப்புறம் வளைவை விட்டு வெளியே வரும்போது முன்னால் இருப்பவன் ஏற்கெனவே பறக்கத் தொடங்கிவிடுவான், நான் எழும்பி நின்று மிதித்தால்தான் அவனைப் பிடிக்கலாம். ஒரு சுற்றுக்கு நாலு தரம் இப்படி. எல்லாரும் ஓடுவது ஒரே ஓட்டம்தான், ஆனால் வாலில் இருப்பவனுக்கு அது இரண்டு மடங்கு ஓட்டம்.

பன்னிரண்டாவது சுற்றில் எதிர்க்காற்று அடிக்கிற நேர்பாதையில் எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கி மெதுவானபோது வெளிப்பக்கத்தால் ஏறி முதல் பதினைந்துக்குள் வந்துவிட்டேன். அதன் பிறகு ஓட்டமே மாறிவிட்டது. இருநூறு, இருநூற்றிருபது வாட் வலுவில் மிதித்தபடி மணிக்கு 40 ஓடினேன். காற்றுத் தடை எவ்வளவு பெரிய விஷயம் என்று வாசித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் அது காலுக்கு விளங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 35 நிமிடம் அளவில் மூன்று பேர் பிரிந்து போனார்கள். நான் அப்போது உட்பக்கத்தில் அடைபட்டிருந்தேன், யார் என்று பார்க்கவில்லை. பலகையில் 5 வந்தபோது, "யாராவது இழுங்கள், போய்விடப் போகிறார்கள்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கால் நன்றாக இருந்தது. முன்னுக்குப் போய் இழுக்கத் தொடங்கினேன். ஒன்றரைச் சுற்று, 310 வாட், ஒருவரும் முறை மாற்றவில்லை. பிறகு மேட்டில் ஏறும்போது அந்த மூன்று பேரின் முதுகும் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் இருந்தது எங்கள் நீலச் சட்டை. சோளகம்.

உடனே ஒதுங்கினேன். ஆனால் இடைவெளி அரைவாசிக்கு மேல் குறைந்துவிட்டது. மணத்தைப் பிடித்த நாய்கள் மாதிரி மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். 2 சுற்று இருக்கும்போது பிடித்துவிட்டார்கள். கடைசி வளைவில் விழுகை. நான் 14ஆவது, சோளகம் 22ஆவது. முதல் பத்துப் பேருக்குத்தான் புள்ளி.

தம்பி, நேரில் ஒருமுறை சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: மன்னிக்க வேண்டும். நீங்கள் எல்லாரும் உங்கள் இடத்திலிருந்து என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை இது நடக்கக்கூடாது.

---

சோளகம் | ஞாயிறு, மாலை 6.05

அண்ணா, உண்மையைச் சொல்கிறேன். பிடிபட்ட அந்த நிமிடம் சரியான கோபம். திரும்பிப் பார்த்தால் கூட்டத்தின் தலையில் எங்கள் சட்டை. சைக்கிளை நிப்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் போல இருந்தது. இப்போது கோபம் இல்லை. ஏனென்றால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது என்னுடைய பிழையும் தெரிந்தது.

நான் போனது முடிவுக்கோட்டைத் தாண்டின உடனே. அந்த மேட்டை ஏறினதும் எல்லாரும் ஒரு மூச்சு வாங்குவார்கள், பெடலைச் சும்மா விடுவார்கள். அதை முதல் அரைமணித்தியாலமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் போக, பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நல்ல வேலைக்காரர், முறைக்கு முறை முன்னுக்கு வந்து இழுத்தார். பச்சைச் சட்டைக்காரர் மட்டும் எங்கள் பின்சில்லிலேயே ஒட்டிக்கொண்டு வந்தார், முன்னுக்கு வரவே இல்லை. அது அவருடைய உரிமை, எனக்கு அதில் முறைப்பாடு இல்லை.

பலகையில் 5 வரும்போது செம்பருத்தி அக்கா மேட்டில் நின்று "பதினாலு செக்கன்" என்று கத்தினா. மணிக்கு 40இல் பதினாலு செக்கன் என்றால் 155 மீற்றர். இன்னும் 12 நிமிடம்தான் இருந்தது. போய்ச் சேர்ந்திருப்போம் என்று இப்பவும் நம்புகிறேன்.

ஆனால் இதைக் கேளுங்கள். அடுத்த சுற்றில் வளைவுக்குள் கைக்குக் கீழால் பின்னுக்குப் பார்த்தேன். நீலச் சட்டை ஒன்று தலையில் தெரிந்தது, பின்னால் கூட்டம் நீண்டு ஒற்றை வரிசையாக இருந்தது. நான் நினைத்தேன், அண்ணா தனியாகப் பிரிந்து எங்களிடம் வருகிறார் என்று. வந்தால் நாங்கள் இரண்டு பேர், பிறகு வெற்றி எங்களுக்குத்தான். அதனால் அரைச் சுற்று கொஞ்சம் விட்டு மிதித்தேன், அவர் வந்து சேரட்டும் என்று.

அவர் வருகிறார் என்று நான் காத்திருந்தேன், நான் யார் என்று தெரியாமல் அவர் துரத்தினார். நான் போகப் போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தொடங்குமுன் கார்த் தரிப்பிடத்தில் இருபது நிமிடம் சட்டையில் இலக்கம் குத்திக்கொண்டு நின்றோமே, அப்போது ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

---

காவேரிக்கரை | ஞாயிறு, மாலை 6.50

இடது கையால தட்டச்சு செய்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. முதல்ல எல்லாரும் கேட்டதுக்குப் பதில்: காறை எலும்பு உடையலை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டாங்க. தோளில் வீக்கம், இடுப்பிலும் முழங்கையிலும் தோல் போயிடுச்சு. ஹெல்மெட் பின்பக்கம் ரெண்டாப் பிளந்திருக்கு.

விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் யாரோ அந்த 41ஆம் எண்காரரைத் திட்டி எழுதியிருந்தார்கள். அவர் மீது தப்பு இல்லை. மணி அடித்த பிறகு நான் ஒன்பதாவது இடத்தில் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு முன்னால் இருந்ததே கிடையாது. கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு இடம் முன்னேறலாம் என்று அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் என் முன்சக்கரத்தை ஒரு சாண் நுழைத்துவிட்டேன். அவர் வளைவுக்காக வெளியே வந்தார், வர வேண்டிய கோட்டில்தான் வந்தார். அவருடைய பின்சக்கரம் என் முன்சக்கரத்தைத் தொட்டது. முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் இருப்பவன்தான் விழுவான். ஹேண்டில் பிடுங்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான், அடுத்து எனக்குத் தெரிந்தது வானம்.

என்னால் இன்னொருவரும் விழுந்தார். அவருக்குச் சிராய்ப்புதான், நான் பேசிவிட்டேன். சைக்கிளுக்கு ஆகும் செலவில் பாதியைக் கொடுக்கிறேன் என்றேன், மனிதர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

பிரேக்அவே (கூட்டத்தை விட்டு மூவர் பிரிந்து போனது) விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. வெள்ளைக்கோடு அண்ணன் இழுக்காமல் இருந்தாலும் அது பிடிபட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாலாம் பிரிவில் எல்லாருமே ஸ்பிரிண்டுக்கு ஆசைப்படுகிறவர்கள், யாருமே முன்னால் போகிறவரை விடமாட்டார்கள். மூவரில் ஒருவர் இழுக்கவும் இல்லை. அண்ணன் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

அடுத்த ஓட்டம் இன்னும் 14 நாளில். புது ஹெல்மெட் ஆர்டர் போட்டுவிட்டேன்.

---

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 7.30

தம்பி, ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருக்கிறது, நீங்கள் 14 நாள் கணக்குப் பார்க்கிறீர்கள். நான்தான் உங்களோடு புல்லில் இருந்தேன். ஓட்டத்தில் எத்தனை சுற்று மிச்சம் என்று மூன்று தரம் என்னைக் கேட்டீர்கள். கூட்டம் கோட்டைத் தாண்டி ஐந்து நிமிடமாகிவிட்டது அப்போது. அதை நீங்கள் இங்கே எழுதவில்லை. உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். 111க்கு (மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி) எடுத்தீர்களா?

ஓட்டத்தைப் பற்றி: பெண்களின் ஓட்டம் முடிந்து நான் மேட்டில் போர்வையோடு நின்றேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பாதை முழுக்கத் தெரியும், கூட்டத்துக்குள் இருப்பவருக்கு முன்னால் இருக்கிற நாலு முதுகு மட்டும்தான் தெரியும். நீலச் சட்டையை நீலச் சட்டை துரத்துவதை நான் பார்த்தேன். கத்தினேன். காற்று எனக்கு எதிராக இருந்தது, ஐம்பது செயின் சத்தத்துக்குள் ஒன்றும் கேட்டிருக்காது.

எங்கள் ஓட்டத்தில் 16 பேர்தான். இரண்டாம், மூன்றாம், நாலாம் பிரிவு எல்லாம் சேர்த்து விட்டார்கள். ஆட்கள் குறைய என்பதால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒரே கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் எங்களை வடிவாக வேலை வாங்கினார்கள். முதலாவது ஆள் போவா, நாங்கள் துரத்துவோம். பிடித்ததும் இரண்டாவது ஆள் போவா. திரும்பவும் துரத்துவோம். மூன்றாவது ஆள் முழுநேரமும் எங்கள் பின்னால் களைக்காமல் இருந்துவிட்டு, 3 சுற்று இருக்கும்போது போனா. அவவைத் துரத்த எங்களில் ஒருவரிடமும் கால் இல்லை. ஒரு வார்த்தை கூட அவர்கள் கதைத்ததாகத் தெரியவில்லை. எல்லாம் முதலே பேசிவைத்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

---

காவேரிக்கரை | ஞாயிறு, இரவு 7.48

அக்கா, மூன்று தடவை கேட்டேனா? உண்மையிலேயே நினைவில் இல்லை. புல்லில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது, நீங்கள் தண்ணீர் கொடுத்தது நினைவிருக்கிறது. 111க்கு இப்போது பேசுகிறேன்.

---

பழைய லுமாலா | ஞாயிறு, இரவு 9.15

எல்லாவற்றையும் வாசித்தேன். முதலில் தம்பி காவேரிக்கரை.

தலை அடிபட்டு, கேட்டதையே திரும்பக் கேட்டால் அது மூளை அதிர்ச்சி என்றுதான் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே தோளைத்தான் பார்க்கும், இதைக் காட்டாது. 2023இல் இங்கே அரசாங்கம் சாதாரண விளையாட்டுக்காரருக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சந்தேகம் என்றால் ஆளை வெளியே இருத்து என்பதுதான் அதன் முக்கிய வாசகம். 24 மணித்தியாலத்துக்குள் 111க்குச் சொல்ல வேண்டும், முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். போட்டிக்கு ஆகக் குறைந்தது 21 நாள். அதுவும் நோக்காடு, தலைச்சுற்று எல்லாம் நின்றிருந்தால் மட்டும். ஆகவே அடுத்த ஓட்டம் உனக்கு இல்லை. இதில் விவாதத்துக்கு இடம் இல்லை, கோபித்தாலும் பரவாயில்லை. இன்றிரவு தனியாக இருக்காதே. சத்தி (வாந்தி) வந்தாலோ, தலைவலி கூடினாலோ, நித்திரையிலிருந்து எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் இதைக் காட்டு.

41ஆம் இலக்கத்தைத் திட்டியவர் அதை அழிக்க வேண்டும். யாராவது ஆபத்தாக ஓடினால் அன்றே நடுவரிடம் போய்ச் சொல்லலாம், அதற்குத்தான் அவர் நிற்கிறார். ஊர் முழுக்க எழுதுவது முறை இல்லை.

இனி துரத்தல் விஷயம். பிரேக்அவே எப்படியும் பிடிபடும் என்று காவேரிக்கரை சொல்வது நாலாம் பிரிவில் பெரும்பாலும் சரி. ஆனால் அது ஏன் பிடிபடுகிறது என்று யோசியுங்கள். முன்னால் அணிக்காரர் இருக்கிறார் என்று தெரிந்து, அதற்கு ஏற்ற மாதிரி நடக்கிற ஆட்கள் கூட்டத்துக்குள் இல்லாததால்தான். கூட்டத்தில் இருவர் மூவர் சும்மா இருந்தாலே இடைவெளி கூடும். வெள்ளைக்கோடு செய்ய வேண்டியிருந்த வேலை மிகச் சுலபமானது, 310 வாட் தேவையில்லை. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் போய் இருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் இழுத்துவிட்டு ஒதுங்கினால் நீ முன்னுக்கு வராதே, அல்லது வந்து அதே வேகத்தில் சும்மா மிதி. யாராவது துரத்தப் பாய்ந்தால் அவருடைய சில்லில் ஒட்டு. அவர் உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக மனம் வராமல் நிப்பாட்டிவிடுவார். நிப்பாட்டாவிட்டால் நீ களைக்காமலே முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவாய், அப்போது அங்கே நாங்கள் இரண்டு பேர். குறுக்கே போய் வழி மறிப்பது, பிரேக் போட்டு ஆட்களைக் குழப்புவது எல்லாம் கூடாது. அது ஆபத்து, நடுவர் வெளியேற்றவும் கூடும்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். இந்த நாட்டில் சுற்றுப் பாதை ஓட்டம் இவ்வளவு ஊறிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் தேசிய சைக்கிளோட்டிகள் சங்கம் திறந்த வீதியில் கூட்டமாக ஓட்டப்போட்டி வைப்பதைத் தடுத்து வைத்திருந்தது. வீதியில் ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓடலாம். கூட்டமாக ஓடுவதென்றால் மோட்டார்ப் பந்தயப் பாதை, விமான ஓடுதளம் மாதிரி மூடிய இடம்தான். 1942 யூன் மாதம் பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் அதை மீறி லாங்கொலனிலிருந்து வுல்வர்ஹம்ப்டன் வரைக்கும் ஓட்டம் வைத்தார். சங்கம் அவரைத் தடைசெய்தது, அவரும் அவரோடு நின்றவர்களும் தனியாகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர 1959 ஆனது. சேர்ந்து ஓடுகிற உரிமைக்காக மனிதர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நாங்கள் சேர்ந்து ஓடியும் தனித்தனி ஆட்களாக ஓடினால் எனக்கு மனம் பொறுக்காது.

---

வெள்ளைக்கோடு | ஞாயிறு, இரவு 9.40

அண்ணா, "முன்னுக்கு வராதே" என்பது எனக்குப் புதிய பாடம். கால் நன்றாக இருந்தால் இழுக்க வேண்டும், இழுக்காவிட்டால் கள்ளன் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டத்தில் அப்படித்தானே பழகினோம்? பொக்ஸ் ஹில் போகிற வழியில் முறைக்கு இழுக்காதவரை நாங்களே பகிடி பண்ணுவோம்.

ஆனால் யார் முன்னால் இருக்கிறார் என்று தெரியாமல் இதெல்லாம் எப்படிச் செய்வது? நீலச் சட்டை இன்றைக்கு எங்களைத் தவிர இன்னும் இரண்டு கழகத்துக்கு இருந்தது.

---

செம்பருத்தி | திங்கள், காலை 7.10

கூட்டத்துக்குள் குனிந்து ஓடும்போது என்ன தெரியும்? முன்னால் இருப்பவரின் இடுப்புக்குக் கீழேதான். சட்டையைப் பார்க்க நிமிர வேண்டும். அதனால் காலுறை. நாங்கள் எல்லாரும் செம்மஞ்சள் காலுறை போடுவோம். எங்கள் ஓட்டத்தில் அந்த மூன்று பேரும் அப்படித்தான், கடும் மஞ்சள், அரைச் சுற்றுக்கு அப்பாலும் தெரிந்தது.

இரண்டாவது, மேட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கத்திப் பிரயோசனம் இல்லை, கையால்தான் காட்ட வேண்டும். கை மேலே என்றால் முன்னால் எங்கள் ஆள் இருக்கிறார். கை கீழே என்றால் இல்லை.

---

காவேரிக்கரை | திங்கள், காலை 8.25

111இல் பேசினேன், காலையில் டாக்டரையும் பார்த்துவிட்டேன். லுமாலா ஐயா சொன்ன அதே 21 நாள். நேற்று இரவு படித்தபோது கோபம் வந்தது என்பது உண்மை. இப்போது திரையைப் பார்த்தாலே கண் கூசுகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மேட்டில் நிற்கிற வேலையை எனக்குக் கொடுங்கள்.

---

புது லைசன்ஸ் | திங்கள், பகல் 12.30

எல்லோருக்கும் வணக்கம். கழகத்தில் சேர்ந்து மூன்று மாதம். அடுத்த ஓட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன், என் முதல் ஓட்டம். இதை வாசிக்கும்போது பயமும் வருகிறது, எப்போது வரும் என்றும் இருக்கிறது. வெம்பிளியில் பிறந்து வளர்ந்தவள், வீதியில் தனியாக நிறைய ஓடியிருக்கிறேன், ஆனால் தோளோடு தோள் முட்டுகிற தூரத்தில் ஓடியதில்லை. வளைவில் பக்கத்தில் ஆள் இருந்தால் கை தானாகவே பிரேக்குக்குப் போகிறது. அதை எப்படி மாற்றினீர்கள்?

---

பழைய லுமாலா | திங்கள், இரவு 8.00

பிள்ளை, நல்ல கேள்வி. இதற்கு எனக்குத் தெரிந்த பதில் யாழ்ப்பாணத்திலிருந்துதான் வருகிறது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கிடையாது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மிச்ச எல்லாருக்கும் சைக்கிள்தான். விறகு, நெல்மூட்டை, நோயாளி, முழுக் குடும்பம் எல்லாம் சைக்கிளில் போகும். நாங்கள் ரியூசனுக்கு ஐந்தாறு பேர் வீதியை அடைத்துக்கொண்டு போவோம். களைத்தவனின் தோளில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போவோம், ஹான்டில் ஹான்டிலோடு உரசும், ஒருவரும் பதறுவதில்லை. அது திறமை என்றே எங்களுக்குத் தெரியாது. இங்கே வந்து முதல் ஓட்டம் ஓடியபோது, பக்கத்தில் ஆள் உரச மற்றவர்கள் விறைத்துப் போவதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அதைப் புல்லில் பழகலாம். சனிக்கிழமை பூங்காவுக்கு வா, பழைய சைக்கிளோடு. நடக்கிற வேகத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, முதலில் முழங்கையால் முட்டுவோம், பிறகு தோளால் சாய்வோம். கடைசியில் என் பின்சில்லை உன் முன்சில்லால் வேண்டுமென்றே தொடுவாய். புல்லில் விழுந்தால் நோகாது. முழங்கை கொஞ்சம் மடிந்திருந்தால் முட்டுகிற அதிர்வு கையிலேயே முடிந்துவிடும், சில்லுக்குப் போகாது. கை நீட்டி விறைத்திருந்தால் நேரே சில்லுக்குப் போகும். இதுதான் முழு இரகசியமும்.

வளைவுக்கு: கை கீழ்ப்பிடியில். பிரேக் வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் இல்லை. உட்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே அழுத்தி. கண் முன்னால் இருப்பவரின் சில்லில் இல்லை, வளைவு முடிகிற இடத்தில். எந்தக் கோட்டில் உள்ளே போனாயோ அதே கோட்டில் வெளியே வா. அதை மட்டும் நீ செய்தால் உன்னைச் சுற்றியிருக்கிற எல்லாருக்கும் நல்லது.

---

சோளகம் | திங்கள், இரவு 8.35

இன்னும் இரண்டு சின்ன விஷயம், என்னுடைய முதல் ஓட்டத்தில் ஒருவரும் சொல்லாதவை. இலக்கத்தை நாலு மூலையில் மட்டும் குத்தினால் காற்றில் பாய்மரம் மாதிரி ஊதும். எட்டு ஊசி வேண்டும், சட்டையைப் போட்டுக்கொண்டே குனிந்து நின்று யாரையாவது குத்தச் சொல்லுங்கள். மற்றது, ஹான்டில் முனையில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விழும்போது அந்தக் குழாய் ஆளை வெட்டும், நடுவர் ஓட விடவும் மாட்டார்.

ரயர்க் காற்று: 28 மில்லிமீற்றர் ரயருக்கு நான் 70 psi வைக்கிறேன், மழையென்றால் 60. நீங்கள் என்னை விடப் பாரம் குறைவாக இருந்தால் இன்னும் குறைக்கலாம்.

பிரிவு மாற நாலிலிருந்து மூன்றுக்கு 12 புள்ளி வேண்டும் என்று கேள்விப்பட்டு இப்போதே கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன். அந்தக் கணக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் என்னை ஓட வைத்தது.

---

புது லைசன்ஸ் | திங்கள், இரவு 9.05

நன்றி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை வருகிறேன். அம்மாவின் பழைய கூடை வைத்த சைக்கிள் இருக்கிறது, அதில் வரலாமா?

---

பழைய லுமாலா | திங்கள், இரவு 9.10

கூடையைக் கழற்றிவிட்டு வா.

---

வெள்ளைக்கோடு | செவ்வாய், காலை 6.45

அப்போ அடுத்த ஓட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம், பிழை இருந்தால் சொல்லுங்கள். சோளகம் முதல் அரைமணித்தியாலமும் கூட்டத்தின் நடுவில், ஒன்றும் செய்யாமல். நான் முதல் பத்துக்குள். 25ஆவது நிமிடத்தில் நான் முதலில் போகிறேன், பிடிபடுவதற்காகத்தான். என்னைத் துரத்தி அவர்கள் களைத்து, பிடித்து, மூச்சு வாங்கும் நேரத்தில் மேட்டுக்கு மேலே சோளகம் போகட்டும். அதன் பிறகு நான் இரண்டாவது இடத்தில் இருந்து அண்ணா சொன்ன வேலையைச் செய்கிறேன். பெண்கள் ஓட்டத்தில் புது லைசன்ஸ் செம்பருத்தியின் சில்லை விடாமல் பிடிக்கட்டும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

காலுறை ஆறு சோடி நேற்றிரவே எடுத்துவிட்டேன்.

---

சோளகம் | செவ்வாய், காலை 7.20

ஓம் அண்ணா. ஆனால் நீங்கள் போனதும் யாராவது நல்ல ஆட்கள் உங்களோடு வந்து, இடைவெளி கூடினால், பிடிபடக் காத்திருக்க வேண்டாம். ஓடுங்கள். நான் பின்னால் இருந்து சும்மா மிதிக்கிறேன்.

---

காவேரிக்கரை | செவ்வாய், காலை 9.00

கை மேலே என்றால் நம்ம ஆள் முன்னால். கை கீழே என்றால் இல்லை. ரெண்டு பேரும் முன்னால் இருந்தால் ரெண்டு கையும் தூக்க முடியுமா என்று இப்போது கண்ணாடி முன்னால் பார்த்தேன். வலது கை தோள் உயரம்தான் வருகிறது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.